லிப்னா துறைக்கு வந்த நெருப்புகள்

லிப்னாவிலிருந்து அரசனின் போருக்குத் துடுப்புப் போடப் போன நாற்பத்து மூன்று ஆண்களும் இலையுதிர் காலத்தின் முதல் வாரத்தில், பெண்கள் ஆற்றில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில் திரும்பி வந்தார்கள். அவர்கள் ஓடத்தில் வரவில்லை, கரையோரமாக நடந்தும் வரவில்லை, ஆளுக்கொரு நெருப்பாக, தண்ணீரின் மேல் எரிந்தபடி, நீப்பர் நதியின் ஓட்டத்தை எதிர்த்து வந்தார்கள்.

ஒவ்வொரு நெருப்பும் ஒரு சோற்றுச் சட்டியின் வாய் அளவுக்கு இருந்தது. தெற்கே அந்த நதி ஏழு இடங்களில் பாறைகளின் மேல் விழுந்து உடைகிறது. ஓடக்காரர்கள் ஓடத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையில் நடந்து கடக்கிற அந்த ஏழு இடங்களிலும் நெருப்புகள் கல் கல்லாக ஏறி வந்ததைப் பார்த்ததாக அங்கிருந்த மீனவர்கள் பிறகு சொன்னார்கள். காற்றடித்தால் சாய்ந்தன, மழை பெய்தால் சீறின, எங்கேயும் அணையவில்லை. லிப்னாவின் வளைவுக்கு வந்ததும் வரிசை கலைந்து, அந்தந்த நெருப்பு அந்தந்த வீட்டுத் துறையில் போய் நின்றது, மாடு தன் கொட்டகையைத் தேடிப் போவதுபோல.

யாரும் அலறவில்லை. துணி அலசிய பெண்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். மிலோனேகா என்பவள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தன் துறையில் வந்து நின்ற நெருப்பைப் பார்த்து, "கூரை போடுறதுக்கு முன்னாடி வந்துடுறேன்னு சொல்லிட்டுப் போன மனுசன், எல்லாத்தையும் நான் ஒருத்தியே போட்டு முடிச்சதுக்கு அப்புறம் வந்து நிக்கிறதைப் பாரு" என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே தண்ணீரில் உட்கார்ந்து அழுதாள்.

என்ன நடந்தது என்பது ஊருக்குத் தெரியும். கீவ் அரசன் கிரேக்கர்களின் மாநகரமான கான்ஸ்டான்டிநோபிளைப் பிடிக்கப் போனான். அவன் போன ஓடங்கள் லிப்னாவின் காட்டில் வெட்டியவை, ஒற்றை மரத்தைக் குடைந்து செய்தவை. அவற்றைத் தள்ளிய கைகளும் லிப்னாவினுடையவை. மாநகரத்துக்கு முன்னால் கடலில் கிரேக்கக் கப்பல்கள் வந்து நின்றன. அவற்றின் மூக்கில் பொருத்தியிருந்த வெண்கல வாய்களிலிருந்து நெருப்பு பாய்ந்தது. அந்த நெருப்பு தண்ணீரில் விழுந்தும் அணையாமல் தண்ணீரையே விறகாக்கி எரிந்தது. இரும்புச் சட்டை போட்ட வீரர்கள் குதித்ததும் மூழ்கிப் போனார்கள். இரும்புச் சட்டை இல்லாத துடுப்புக்காரர்கள் மிதந்தார்கள். மிதந்ததால் எரிந்தார்கள். அரசன் பத்து ஓடங்களோடு திரும்பி வந்து, கிரேக்கர்களிடம் வானத்து மின்னல் இருக்கிறது என்று விருந்தில் சொன்னான். அந்த விருந்தில், போரில் இறந்து போன தளபதிகளின் பெயரைச் சொல்லிக் குடித்தார்கள். துடுப்புக்காரர்களின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது.

நெருப்புகள் வந்த பிறகு ஊர் அதற்கேற்ப நடந்துகொண்டது. ஆற்றுத் தண்ணீர் நிரப்பிய மண்சட்டியில் எடுத்தால் கூடவே வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தார்கள். எண்ணெய் கேட்பதில்லை, புகைவதில்லை, வீட்டு மரத்தைத் தொடுவதில்லை என்று பிறகு கண்டுபிடித்தார்கள். சிலர் அதில் மீன் சுட்டார்கள், சிலர் ஈரக் காலுறைகளை உலர்த்தினார்கள். ரதோமிர் என்பவனின் நெருப்பு அவன் மனைவியின் துறையில் நிற்காமல் இரண்டு வீடு தள்ளி, வலை பின்னுகிற ஒருத்தியின் துறையில் போய் நின்றுவிட்டது. அதுவரை சந்தேகமாக இருந்தது ஊருக்கே வெளிச்சமாகிவிட்டது. மனைவி ஒரு மாதம் அந்தப் பக்கம் தலை திருப்பவில்லை. பிறகு ஒரு நாள் நான்கு மீன்களோடு போய் உட்கார்ந்தாள். வலைக்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சுட்டுத் தின்றார்கள்.

நெக்ராஸின் மனைவி லூபாவா மட்டும் தன் சட்டியில் எதையும் சுடவில்லை. மிலோனேகா கேட்டதற்கு, "அவர் வேலை செஞ்சது போதும்" என்று சொன்னாள்.

லூபாவாவின் வீட்டுச் சுவரில் ஒரு பழைய துடுப்பு தொங்கியது. அதற்கு ஒரு கதை உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னால் அரசன் புல்வெளிக் குதிரைக்காரர்களோடு சமாதானம் செய்தபோது, கீவின் குன்றில் இடிக் கடவுள் பெருன் சிலைக்கு முன்னால் சத்தியம் நடந்தது. அங்கே வழக்கம் இதுதான்: சத்தியம் செய்கிறவன் தன் ஆயுதத்தைத் தன் கையால் கடவுளின் காலடியில் வைக்க வேண்டும். பூசாரி ஒவ்வொருவரையும், வைத்தது யார், வைத்தது என்ன என்று கேட்பார். வைத்துவிட்டால் அவன் அந்தச் சமாதானத்தில் ஒருவன். அவன் வாய்ச்சொல் இல்லாமல் சமாதானம் முடியாது. அவன் வைத்ததை அவன் கையைத் தவிர வேறு கை எடுக்கக் கூடாது. அந்தப் போரிலும் துடுப்புப் போட்டிருந்த நெக்ராஸ், தானும் அதில் இருந்தவன்தானே என்று நினைத்து, துடுப்பைத் தோளில் சுமந்துகொண்டு குன்றேறிப் போய் வரிசையில் நின்றான். அரசனின் காரியஸ்தன் ஹல்வார் அவனைப் பார்த்துச் சிரித்து, துடுப்பு ஆயுதம் அல்ல, கீழே போ என்று அனுப்பிவிட்டான். நெக்ராஸ் வீட்டுக்கு வந்து துடுப்பை ஆணியில் மாட்டினான். அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினான்.

நெருப்புகள் வந்து இரண்டு குளிர்காலம் கழிந்தது. மூன்றாவது ஆண்டு கிரேக்கர்களின் தூதர் நிகேடாஸ் கீவுக்கு வந்தார். தாடி மழித்த, மெலிந்த, எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிற மனிதர். அரசனும் மாநகரத்துப் பேரரசரும் சமாதானமாகப் போவதென்று முடிவாகியிருந்தது. ஒப்பந்தத் தோலில் அரசனின் பெயர் இருந்தது, அரசனின் உறவினர்கள் ஒவ்வொருவரின் பெயரும் அவரவர் தூதரின் பெயரும் இருந்தன, வணிகர்களின் பெயர்கள் இருந்தன, பருந்து பழக்குகிறவனின் பெயர்கூட இருந்தது. ஓடிப்போன அடிமையைத் திருப்பித் தருவது பற்றி இருந்தது. கரை ஒதுங்கிய கப்பலைக் கொள்ளையடிக்கக் கூடாது என்று இருந்தது. ஆற்றின் முகத்துவாரத்தில் மீன் பிடிக்கும் கிரேக்கர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இருந்தது. மாநகரத்துக்குப் போகும் வணிகர்களுக்கு ரொட்டியும் திராட்சை மதுவும் வேண்டுமட்டும் குளியலும் உண்டு என்று இருந்தது. குளிப்பதற்கு ஒரு வரி இருந்தது, எரிந்ததற்கு ஒரு வரி இல்லை.

கடைசியாக, பேரரசின் நெருப்பு ஆயுதம் அந்நியரிடம் இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்ந்தது. லிப்னாவின் நெருப்புகளைப் பற்றி தூதரின் காதில் யாரோ போட்டுவிட்டார்கள். மறுநாளே அவர் மொழிபெயர்ப்பாளனோடும், ஹல்வாரோடும், பன்னிரண்டு பீப்பாய் காடியோடும் லிப்னாவுக்கு வந்து இறங்கினார். அந்த நெருப்பைத் தண்ணீர் அணைக்காது, நல்ல புளித்த காடி அணைக்கும் என்பது கிரேக்கர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

தூதர் ஒவ்வொரு துறையாக நடந்து நெருப்புகளை எண்ணினார். ஒரு சட்டியில் நண்டு வெந்துகொண்டிருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். லூபாவாவின் துறைக்கு வந்தபோது அவள் எழுந்து நின்று, இதை என்னவென்று எழுதிக்கொள்கிறீர்கள் என்று கேட்டாள். மொழிபெயர்ப்பாளன் அதைச் சொன்னான்.

"இது பேரரசின் ஆயுதம்" என்றார் தூதர். "வானதூதர் எங்கள் முதல் பேரரசருக்கு மட்டும் அருளிய ரகசியம். அந்நியர் கையில் ஒரு பொறிகூட இருக்கக் கூடாது. உங்கள் ஆட்கள் இதைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறார்கள்."

மொழிபெயர்ப்பாளன் கடைசி வாக்கியத்தை மெல்லச் சொன்னான். துறையில் கூடியிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். உடம்பு முழுக்கப் பற்றிக்கொண்டதைத் திருட்டு என்கிறானே, கரிந்துபோனவன் மடியிலே கட்டிக்கொண்டா ஓடி வந்தான், அப்படியென்றால் கொட்டியபோது எண்ணிக் கொட்டியிருக்க வேண்டும் என்றெல்லாம் கத்தினார்கள். மிலோனேகா கையிலிருந்த ஈரத் துணியை முறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஹல்வாரின் வீரன் ஒருவன் முந்திக்கொண்டு லூபாவாவின் சட்டியை எடுக்கக் குனிந்தான். நெருப்பு ஒரு முழம் எழுந்து அவன் தாடியைப் பாதியாக்கியது. அதற்குப் பிறகு எந்த வீரனும் எந்தச் சட்டியின் பக்கமும் போகவில்லை.

லூபாவா மட்டும் கத்தவில்லை. "ஆயுதம்னு சொன்னாரே, அதை எழுதியாச்சா?" என்று மொழிபெயர்ப்பாளனிடம் கேட்டாள். எழுதியாகிவிட்டது, முத்திரையும் வைத்தாகிவிட்டது என்றான் அவன்.

ஹல்வார் தர்மசங்கடத்தில் இருந்தான். தூதரோ, இரண்டு தரப்பும் பார்க்கும்படி, சத்தியம் முடிந்த கையோடு நெருப்புகளை அணைத்தால்தான் தன் பேரரசருக்குப் பதில் சொல்ல முடியும் என்றார். வீரர்களோ தொட மறுத்தார்கள். ஹல்வார் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். நாளை மறுநாள் சத்தியம் நடக்கும்போது பெண்களே சட்டிகளைத் தூக்கிக்கொண்டு குன்றுக்கு வர வேண்டும், எல்லோரும் பார்க்கும்படி பெருனின் காலடியில் அவர்களே இறக்கி வைக்க வேண்டும், மீறினால் ஊரின் தானியக் குதிர்கள் எரியும் என்று உத்தரவு போட்டான்.

"இறக்கி வைக்கிறது எங்க கையாலதானே?" என்று கேட்டாள் லூபாவா.

"வேறு யார் கையால்?" என்றான் ஹல்வார், அரைத் தாடி வீரனைப் பார்த்து எரிச்சலோடு.

"அப்போ கொண்டு வர்றோம்."

அவர்கள் படகேறிப் போன பிறகு லிப்னாவின் பெண்கள் லூபாவாவைச் சும்மா விடவில்லை. புருசனைக் காடியில் ஊறப்போடச் சம்மதித்தவள் என்று ஒருத்தி சொன்னாள். ரதோமிரின் மனைவியும் வலைக்காரியும் ஒரே குரலில் திட்டினார்கள். மிலோனேகா, "ஏண்டி, நீ ஒரு தடவை அவர்மேல மீன் வைக்கக்கூட விட்டதில்லையே, இப்போ மொத்தமா தூக்கிக் குடுக்கிறியே" என்று கேட்டாள். லூபாவா உள்ளே போய் ஆணியிலிருந்து துடுப்பை எடுத்துக்கொண்டு வந்து அவர்கள் நடுவில் வைத்தாள். நெக்ராஸ் ஒரே ஒரு தடவை சொன்னதை அவள் அன்றைக்குத்தான் ஊருக்குச் சொன்னாள். கேட்டு முடித்ததும் மிலோனேகா எழுந்து போய்த் தன் சட்டியைச் சாம்பல் போட்டுத் துலக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கச் சட்டி துலக்கும் சத்தம் கேட்டது.

சத்தியத்தன்று குன்று நிறைந்திருந்தது. முதலில் ஒப்பந்தத் தோலை எல்லோரும் கேட்கும்படி வரி வரியாகப் படித்தார்கள். அரசன் வாளையும் கேடயத்தையும் தங்க வளையத்தையும் வைத்தான். பூசாரி கேட்டார், அரசன் பதில் சொன்னான். தளபதிகள் வைத்தார்கள், அவர்களின் மகன்கள் வைத்தார்கள். தூதர் ஒரு பக்கத்தில் சிலுவையோடு நின்றார். அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பீப்பாய்கள் வரிசையாக நின்றன. பிறகு பெண்கள் வந்தார்கள், நாற்பத்து மூன்று சட்டிகளுக்கு நாற்பத்து நான்கு பேர், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பட்டப் பகலில் நெருப்பின் நிறம் தெரியவில்லை, அவர்களின் முகங்களுக்கு முன்னால் காற்று நடுங்குவதுதான் தெரிந்தது. லூபாவா முதல் சட்டியை அரசனின் கேடயத்துக்கு அருகில் இறக்கி வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

பூசாரி வழக்கத்தை மாற்றத் தெரியாதவர். முப்பது ஆண்டுகளாகக் கேட்ட கேள்வியை இப்போதும் கேட்டார். "வைத்தது யார்? வைத்தது என்ன?"

"லிப்னா ஊர் நெக்ராஸோட மனைவி லூபாவா. வச்சது ஆயுதம்."

ஹல்வார் சிரித்தான். கூட இரண்டு பேர் சிரித்தார்கள். சட்டி ஆயுதம் அல்லவே அம்மா என்றார் பூசாரி, கொஞ்சம் அன்பாகவே.

"என் புருசன் துடுப்பைக் கொண்டு வந்தப்போ ஆயுதம் இல்லேன்னு இந்த ஐயா அனுப்பிட்டாரு. சரி, அது மரம். இது என்னன்னு என்னைக் கேட்காதீங்க, அவரைக் கேளுங்க" என்று தூதரைக் காட்டினாள். "எழுதி முத்திரை வச்சிருக்காரு."

மொழிபெயர்ப்பாளன் சொன்னதைக் கேட்டு தூதர் வாய் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். ஆயுதம் அல்ல என்றால் அதைக் கேட்க அவருக்கு உரிமை இல்லை, ஒப்பந்தத்தின் கடைசி வரி விழுந்துவிடும். ஆயுதம் என்றால் அது இப்போது வேறொருத்தியின் கையால் கடவுளின் காலடியில் இருக்கிறது. அவருடைய எழுத்தர் தோலைப் பிரித்து அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். தூதர் நேர்மையான மனிதர்தான், அல்லது எழுதியதை அழிக்கத் தெரியாத மனிதர். "ஆயுதம்" என்றார்.

அப்போது மிலோனேகா தன் சட்டியை வைத்தாள். ரதோமிரின் மனைவியும் வலைக்காரியும் ஒரே சட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வைத்தார்கள். பூசாரி கேட்டதற்கு இரண்டு பேரும் தங்கள் பெயரைச் சொன்னார்கள். நாற்பத்து மூன்று தடவை கேள்வி கேட்கப்பட்டது, நாற்பத்து மூன்று தடவையும் ஆயுதம் என்ற பதில் வந்தது. கடைசிச் சட்டி வைத்தபோது அரசனின் கேடயத்தைச் சுற்றி நடக்க இடமில்லை. பூசாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வைத்தவர்கள் எல்லோரும் வாய்ச்சொல் தராமல் சமாதானம் பாதியில்தான் நிற்கிறது, இவர்கள் சொல்லும் வேண்டும் என்று அறிவித்தார்.

"ஹல்வார்" என்றான் அரசன், தலையைத் திருப்பாமலே. "இவர்களை இங்கே கொண்டு வந்து வைக்கச் சொன்னது யார்?"

ஹல்வார் தன் பூட்ஸைப் பார்த்தான்.

அரசன் லூபாவாவிடம் என்ன வேண்டும் என்று கேட்டான். பட்டு வேண்டுமா, தானியம் வேண்டுமா என்று கேட்டான். அவள் குரல் அப்போதுதான் உயர்ந்தது.

"பட்டு உடுத்திட்டு எந்தத் துறையில போய் நிக்கிறது? அந்தத் தோல்ல உங்க பேர் இருக்கு. உங்க பருந்துக்காரன் பேர் இருக்கு. கரை ஒதுங்கின கப்பலுக்கு ஒரு வரி, ஓடிப்போன அடிமைக்கு ஒரு வரி, குளிக்கிறவனுக்கு ஒரு வரி. உங்களை அந்தக் கடல் வரைக்கும் தள்ளிட்டுப் போனவங்க பேர் ஒண்ணுகூட இல்ல. அவங்க யார்கூடயும் சண்டைக்குப் போகல. வெட்டுன மரத்துல உக்காந்து, சொன்ன பக்கம் தள்ளுனாங்க. அவங்க பேரை எழுதுங்க. எழுதி, எரிச்சவங்க வாயாலேயே படிக்கச் சொல்லுங்க. அப்புறம் எங்க சொல்லைத் தர்றோம்."

எழுத்தர் குன்றின் புல்லில் உட்கார்ந்து எழுதினார். பெண்கள் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பெயருக்கும் மை தொட்டு, உச்சி வெயில் சாயும் வரை எழுதினார். அரசனும் தளபதிகளும் ஆயுதமில்லாமல் நின்றபடியே காத்திருந்தார்கள், ஏனென்றால் சத்தியம் முடியாமல் வைத்ததை எடுக்க முடியாது. பிறகு தூதர் நிகேடாஸ் தோலை உயர்த்திப் பிடித்துப் படித்தார். அவருடைய நாக்கு எல்லாப் பெயருக்கும் ஒரு கிரேக்க வால் ஒட்டியது. "நெக்ராசோஸ்" என்று அவர் படித்ததும், "நெக்ராஸ்" என்றாள் லூபாவா. "வால் ஒட்டாதீங்க. மறுபடி படிங்க." அவர் மறுபடி படித்தார். நாற்பத்து மூன்றில் இருபதை இரண்டாம் தடவை படிக்க வேண்டியிருந்தது.

படித்து முடித்ததும், இனி நெருப்புகள் ஒவ்வொன்றாக அணையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பெயர் சொல்லியாகிவிட்டது, மரியாதை செய்தாகிவிட்டது, இனி என்ன வேண்டும். தூதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அரசன் கண்ணை மூடிக்கொண்டான். பூசாரி உதட்டை அசைத்தார். சில பெண்களும் தங்கள் சட்டியைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நெருப்புகள் எரிந்தன. ஒன்றுகூடக் குறையாமல், காலையில் எரிந்த அதே உயரத்தில் எரிந்தன.

"கேட்டதைச் செய்தோமே" என்றார் தூதர். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இன்னும் ஏன் எரிகிறது?"

"பத்த வச்சது நீங்க" என்றாள் லூபாவா. "எப்போ அணையணும்னும் நீங்களே சொல்லிடலாம்னு நினைச்சீங்களா?"

பிறகு நாற்பத்து நான்கு பெண்களும் வாய்ச்சொல் தந்தார்கள். இந்தச் சமாதானத்தை முறிப்பவரை அவரவர் கேடயம் காக்காமல் போகட்டும், அவரவர் ஆயுதமே அவரவரைத் தீர்க்கட்டும் என்று அரசனோடும் தளபதிகளோடும் சேர்ந்து சொன்னார்கள். அரசன் தன் வாளைத் தன் கையால் எடுத்தான். அவர்கள் தங்கள் சட்டிகளைத் தங்கள் கையால் எடுத்தார்கள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க வழியும் இல்லை. பன்னிரண்டு பீப்பாய் காடியும் திறக்கப்படாமலே அரண்மனைச் சமையலறைக்குப் போய், அந்த ஆண்டு முழுக்க ஹல்வாரின் சாப்பாட்டில் முட்டைக்கோஸ் ஊறுகாயாக வந்துகொண்டிருந்தது.

சமாதானம் நான்கு ஆண்டுகள் நின்றது. ஐந்தாவது வசந்தத்தில் பனி உருகியதும் அரசனின் ஆள் ஒருவன் லிப்னாவுக்கு வந்தான். நாற்பது ஓடங்கள் வெட்ட வேண்டும், அவற்றைத் தள்ள ஆட்களும் வேண்டும், மாநகரத்தின் மேல் மறுபடியும் போவதென்று முடிவாகியிருக்கிறது என்றான். லூபாவா அவனுக்கு உட்கார இடமும் குடிக்க மோரும் கொடுத்தாள்.

"வெட்டலாம் ஐயா, காட்டுல மரம் இருக்கு" என்றாள். "ஆனா நாங்க சத்தியம் பண்ணினவங்க. முறிச்சா எங்க ஆயுதமே எங்களைத் தீர்த்துடும். அரசர் வாள் அவர் சொன்னதைக் கேக்குமோ என்னவோ. எங்களோடது கேக்காது."

அந்த ஆள் ஆற்றைப் பார்த்தான். வளைவு நெடுக, ஒவ்வொரு துறையிலும் ஒன்றாக, நெருப்புகள் தண்ணீரின் மேல் ஒரு முழம் நிமிர்ந்து நின்றன. அவன் வந்த படகு அவற்றின் நடுவில் கட்டியிருந்தது, ஒற்றை மரத்தில் குடைந்த படகு. மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கரையோரமாக நடந்தே கீவுக்குத் திரும்பிப் போனான். படகை அவன் கேட்டு வரவே இல்லை.

அவன் போன பிறகு லூபாவா துறையில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றாள். நெருப்பு இன்னும் ஒரு முழம் உயர்ந்தே இருந்தது, கூப்பிட்டால் கிளம்பிவிடுபவனைப்போல.

"கேட்டீரா, மறுபடியும் துடுப்புப் போட வரணுமாம்" என்றாள் அவள். "அனுப்பிட்டேன். வேலை ஒண்ணும் இல்ல, சும்மா எரியும்."

நெருப்பு மெல்லத் தாழ்ந்து, சட்டியின் வாய் அளவுக்கு வந்து, எரிந்துகொண்டிருந்தது.